பள்ளம் எங்கிருந்து வந்தது?

(ஒரு கல்லூரி அறிவியல் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'இருமுகட்டுப் பரவல்கள்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். வெளியே கொட்டுகிற மழைக்குப் பயந்து உள்ளே உட்கார்ந்தவர்களுக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுகிறேன். பலகையில் சூத்திரம் எதுவும் எழுத மாட்டேன், பயப்பட வேண்டாம். ஒரே ஒரு சின்னக் கணக்கு மட்டும் போடுவோம்.

பூமியிலுள்ள கடல்நீர் முழுவதையும் வடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எவரெஸ்ட் உச்சி முதல் மரியானா அகழியின் அடி வரை, நிலம், கடல்தரை எல்லாவற்றின் உயரத்தையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நிலத்தின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 840 மீட்டர். கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். புவிப்பரப்பில் கடல் 71 விழுக்காடு. பெருக்கிக் கூட்டினால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 2,400 மீட்டர் என்று விடை வருகிறது.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த 2,400 மீட்டர் ஆழத்தில் பூமியில் என்ன இருக்கிறது என்று தேடிப் போனால் ஏமாந்துபோவோம். கடலூர்ப் பக்கம் கரையிலிருந்து கிழக்கே போனால் கொஞ்ச தூரம் ஆழமில்லாத திட்டு. அது முடிகிற இடத்தில் தரை மளமளவென்று சரிந்து 3,000 மீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. 2,400 என்பது அந்தச் சரிவில் போகிற போக்கில் கடந்துவிடுகிற ஓர் எண்தான். உலகெங்கும் ஏறத்தாழ இதே கதை. சராசரி உயரத்தில் இருக்கிற பூமி மிகக் குறைவு.

எந்த உயரத்தில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்று வரைந்து பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். கடல்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு முகடு, 4,000, 5,000 மீட்டர் ஆழத்தில் இன்னொரு முகடு, இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். முகடுகளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். இன்று நாம் பள்ளத்தைப் பார்ப்போம். எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் நல்ல கேள்விகள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

இந்தப் படம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே புவியியலாளர்களுக்குத் தெரிந்ததுதான். பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். இதை ஒரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றியவர் ஆல்ஃபிரட் வெகனர். அவர் புவியியலாளரே அல்ல, வானிலை ஆராய்ச்சியாளர். கண்டங்கள் நகர்கின்றன என்று வாதிட்டு 1915இல் அவர் வெளியிட்ட நூலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அவர் வைத்த இன்னொரு வாதத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

அன்றைய நம்பிக்கை என்ன? பூமியின் மேலோடு எங்கும் ஒரே பொருள். அது சுருங்கும்போது சில இடம் மேடாகிறது, சில இடம் பள்ளமாகிறது. வெகனர் கேட்டார்: அப்படியானால் ஆரம்ப மட்டத்தை ஒட்டியே அதிகப் பரப்பு இருக்க வேண்டும், மேலேயும் கீழேயும் போகப் போகக் குறைய வேண்டும், அதாவது ஒரே முகடுதானே வர வேண்டும்? நமக்கு வருவது இரண்டு. ஒன்று ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், மற்றொன்று ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்தில். ஆகவே மேலோடு ஒரே பொருளால் ஆனதாக இருக்க முடியாது. கண்டம் எடை குறைந்த பாறை, கடல்தரை எடை மிகுந்த பாறை. இரண்டும் தத்தம் எடைக்கேற்ற மட்டத்தில் மிதக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். கடலின் அடியிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துப் பார்க்காமல், ஒரு வரைபடத்தின் வடிவத்தை வைத்தே கடலுக்கடியில் வேறு பொருள் இருக்கிறது என்று சொல்கிறார். வெகனர் 1930இல் கிரீன்லாந்துப் பனிவெளியில் இறந்தார். அவருடைய கொள்கை 1960களில்தான் ஏற்கப்பட்டது. கண்ட மேலோடு சராசரியாக 35 கிலோமீட்டர் தடிமன், கருங்கல் வகைப் பாறை. கடல் மேலோடு 7 கிலோமீட்டர் தடிமன், அடர்த்தி மிகுந்த எரிமலைப் பாறை. இது இன்று பாடப்புத்தகச் செய்தி.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 1978 முதல் பயனியர் வீனஸ் விண்கலம் ரேடார் கொண்டு வெள்ளிக் கோளின் மேடுபள்ளங்களை அளந்தது. அளவில் கிட்டத்தட்ட நம் பூமியின் இரட்டைப் பிறவி என்று சொல்லப்படுகிற கோள் அது. அதன் உயரப் பரவலுக்கு ஒரே முகடுதான். நம்மைப் போலக் கண்டம் ஒன்று, கடல்தரை ஒன்று என்று இருவகை மேலோடு அங்கே இல்லை என்பதன் முதல் தடயங்களில் அதுவும் ஒன்று. உடனே, இரண்டு முகடு என்றால் நம்மைப் போலத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செவ்வாய்க்கும் இரண்டு முகடு. வடக்கே தாழ்நிலம், தெற்கே மேட்டுநிலம். அதற்குக் காரணம் ஒரு பெரும் மோதலா, உள்ளிருந்து வந்ததா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளத்தைக் கண்டதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வெகனரின் விடைதான்: இரண்டு பொருள், இரண்டு கூட்டம், இரண்டு சாதி. பல இடங்களில் அது சரி. எல்லா இடத்திலும் அல்ல.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் ஃபார்ன் தீவுகள் இருக்கின்றன. அங்கே கல்லைப் புரட்டினால் வாலில் இடுக்கி வைத்த ஒரு சின்னப் பூச்சி ஏராளமாகக் கிடைக்கும். வில்லியம் பேட்சன், பின்னாளில் மரபியல் துறைக்கு ஆங்கிலப் பெயர் சூட்டியவர், பிரிண்ட்லி என்பவரோடு சேர்ந்து அந்த ஆண் பூச்சிகளின் இடுக்கியை அளந்து 1892இல் வெளியிட்டார். வளர்ந்த ஆண்கள் 583. குட்டை இடுக்கிக்காரர்கள் ஒரு கூட்டம், ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளமுள்ள நெட்டை இடுக்கிக்காரர்கள் ஒரு கூட்டம். நடுத்தரமானவர்கள் அரிது. இரண்டும் ஒரே இனம், ஒரே தீவு, ஒரே கல்லின் அடி. பரிணாமம் சிறுகச் சிறுக நடக்கிறதா, தாவித் தாவி நடக்கிறதா என்று அன்று பெரிய விவாதம். பேட்சன் தாவல் கட்சி. தாவலுக்கு இதோ சான்று என்று இந்தப் பூச்சியைத் தூக்கிப் பிடித்தார்.

உண்மை வேறு மாதிரி இருந்தது. அங்கே இரண்டு வகைப் பூச்சி இல்லை. ஒரே பூச்சிக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. வளர்கிற காலத்தில் நன்றாகத் தின்று உடல் ஒரு அளவைத் தாண்டினால் நீண்ட இடுக்கி, தாண்டாவிட்டால் குட்டை இடுக்கி. உடல் அளவு படிப்படியாகத்தான் மாறுகிறது, முடிவு மட்டும் இரண்டாகப் பிரிகிறது. அதே கடற்பகுதித் தீவுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பூச்சிகள் நெருக்கமாக வாழும் தீவுகளில் நெட்டை இடுக்கிக்காரர்களின் விகிதம் அதிகம். சண்டைக்கு ஆள் அதிகமுள்ள ஊரில் சுவிட்ச் சீக்கிரமே விழுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாந்தோப்பில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிற முசுறு எறும்பு இருக்கிறதே, அதன் வேலைக்கார எறும்புகளிலும் இரண்டு அளவு உண்டு. பெரியது ஒன்று, அதில் ஏறத்தாழ பாதி நீளமுள்ள சிறியது ஒன்று. இடைப்பட்ட அளவு மிக அரிது. பெரியவை இரை தேடும், கூடு கட்டும், மரம் ஏறுகிற நம்மைக் கடிக்கும். சிறியவை பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே இருந்து குஞ்சு பராமரிக்கும். மாங்காய் பறிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் யாருக்கும் சிறியதைப் பார்த்த நினைவு இருக்காது. அடிமரத்தில் ஊர்கிற எறும்புகளை மட்டும் பிடித்து அளந்தால் முகடு ஒன்றுதான் வரும். கூட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் மற்றது தெரியும். எங்கே நின்று அளந்தோம் என்பதைச் சொல்லாமல் முகட்டின் எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது.

இதுவரை சொன்னவற்றில் பள்ளம், யாரும் பிறக்காத இடம். பிறக்க வேண்டியதைத் தடுப்பதாலும் பள்ளம் வரும். தமிழ்நாட்டுக் கரையில் வாழ்கிறவர்கள் இதைக் காலண்டரிலேயே வைத்திருக்கிறோம்.

வங்காள விரிகுடாவில் உருவாகும் புயல்களை மாதவாரியாக அடுக்கினால் மே மாதத்தில் ஒரு முகடு, நவம்பரை ஒட்டி அதைவிடப் பெரிய ஒரு முகடு. 2010இல் லைலா, 2020இல் ஆம்பன் எல்லாம் மே மாதத்துப் பிள்ளைகள். தனுஷ்கோடியை அழித்த 1964 புயல், தானே, வர்தா, கஜா எல்லாம் நவம்பர், டிசம்பர். ஜூலை, ஆகஸ்டில் காற்றழுத்தத் தாழ்வு நிலைகள் வடக்கே அடிக்கடி உருவாகின்றன, ஆனால் அவை முழுப் புயலாக வளர்வது அபூர்வம்.

கடல் குளிர்ந்துவிடுகிறதா? இல்லை, புயலுக்கு வேண்டிய வெப்பம் அப்போதும் இருக்கிறது. ஈரம் குறைவா? தென்மேற்குப் பருவக் காற்றின் உச்ச காலத்தில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? எல்லாம் இருந்தும் புயல் எழுவதில்லை. காரணம் தலைக்கு மேலே. அந்த மாதங்களில் தாழ்வாக வீசும் காற்று மேற்கிலிருந்து பலமாக அடிக்கிறது. உயரத்தில், ஏறத்தாழ 14 கிலோமீட்டருக்கு மேல், கிழக்கிலிருந்து ஒரு பெருவேகக் காற்றோடை நேர் எதிராக ஓடுகிறது. அந்தக் கீழைக் காற்றோடையை 1950களில் விவரித்தவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கே தலைமை தாங்கியவர். அந்த ஓடை ஏறத்தாழ சென்னையின் குறுக்குக்கோட்டை ஒட்டிப் போகிறது என்பது நமக்குக் கொஞ்சம் பெருமை. புயல் என்பது செங்குத்தாக நிற்க வேண்டிய ஒரு தூண். அடி கிழக்கே இழுக்கப்பட்டு, தலை மேற்கே தள்ளப்பட்டால் அது நிற்காது. பருவக்காற்று வலுப்பெறும் முன்னும், ஓய்ந்த பின்னும் கிடைக்கிற இரண்டு இடைவெளிகளில்தான் புயல் எழும்ப முடிகிறது.

ஆக மே மாதப் புயலும் நவம்பர்ப் புயலும் இரண்டு சாதி அல்ல. புயல் பருவம் ஒன்றே. அதன் நடுவே ஒரு காற்று புகுந்து அதை இரண்டாக அறுத்துவிட்டது.

அன்றாட வாழ்க்கையிலும் பள்ளங்கள் இப்படிப் பல வழியில் வருகின்றன. ரயில் நிலையத்தில் காலைக் கூட்டம், மாலைக் கூட்டம் என்பதற்கு விளக்கமே வேண்டாம். இணையத்தில் மிக்ஸி வாங்கும் முன் விமர்சனங்களைப் பார்ப்பீர்கள். ஐந்து நட்சத்திரம் ஏராளம், ஒரு நட்சத்திரம் கணிசம், மூன்று மிகக் குறைவு. சுமாராக இருக்கிறது என்று நினைக்கிறவன் அதை எழுத மெனக்கெடுவதில்லை. நடுவில் உள்ளவர்கள் இருக்கிறார்கள், வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். மிக்ஸியோடு இது நிற்பதில்லை என்று உங்களுக்கே தெரியும்.

அமெரிக்காவில் சட்டம் படித்து முடித்தவர்களின் முதல் சம்பளம் இன்னொரு வேடிக்கை. 2000ஆம் ஆண்டையொட்டிப் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் ஒன்றையொன்று பார்த்து ஆரம்பச் சம்பளத்தை ஏற்றத் தொடங்கின. ஒருவர் ஏற்றினால் மற்றவர்களும் அதே தொகைக்கு ஏற்றினார்கள். சிறு அலுவலகங்களும் அரசுப் பணிகளும் அந்த ஓட்டத்தில் சேரவில்லை. சில ஆண்டுகளில் படம் இரண்டாகப் பிளந்துவிட்டது. 2008 வாக்கில் ஒரு முகடு 40,000 முதல் 65,000 டாலருக்குள், மற்றொன்று 1,60,000 டாலரில் ஊசி போல. சராசரி 90,000 டாலரை ஒட்டி வரும். அந்தச் சம்பளம் வாங்குகிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கல்லூரியில் சேர வருகிற பிள்ளை அந்தச் சராசரியைப் பார்த்துத்தான் கடன் வாங்குகிறது.

இனி நான் மிகவும் ரசிக்கிற கதைக்கு வருகிறேன். பள்ளம் எங்கிருந்தும் வராமல் அளவுகோலிலிருந்தே வந்த கதை.

பிரான்சின் கிழக்கு எல்லையில் தூப் என்றொரு மாவட்டம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் படைக்கு ஆள் எடுப்பதற்காக அங்கே இளைஞர்களின் உயரத்தை அளந்து வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தவர் அடோல்ஃப் பெர்ட்டியோன், மருத்துவர், புள்ளியியலாளர். குற்றவாளிகளை உடல் அளவுகளை வைத்து அடையாளம் காணும் முறையை உருவாக்கினாரே அல்போன்ஸ் பெர்ட்டியோன், அவருடைய தந்தை. தூப் இளைஞர்களின் உயரத்தில் அழகான இரண்டு முகடுகள் இருந்தன. அப்படியென்றால்? இரண்டு இனங்கள் அங்கே கலக்காமல் வாழ்கின்றன! ஒன்று குள்ளமான கெல்ட்டியர், மற்றொன்று நெடிய பர்கண்டியர். வரலாற்றிலிருந்து பெயரும் தயாராகக் கிடைத்துவிட்டது. பல பத்தாண்டுகள் இது மானிடவியலின் மேற்கோளாகவே ஓடியது.

நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய ராணுவ மருத்துவர் ரிடோல்ஃபோ லீவி இந்த எண்களை உட்கார்ந்து நோண்டினார். மூலப் பதிவு சென்டிமீட்டர்க் கணக்கு. அதை அங்குலத்துக்கு மாற்றிக் கட்டங்களில் பிரித்திருந்தார்கள். அங்குலம் முழுச் சென்டிமீட்டர்களில் அடங்காது. ஆகையால் புதிய கட்டங்களைப் போடும்போது ஒரு கட்டத்துக்குள் இரண்டு சென்டிமீட்டர்க்காரர்கள் விழுகிறார்கள், பக்கத்துக் கட்டத்துக்குள் மூன்று சென்டிமீட்டர்க்காரர்கள் விழுகிறார்கள். மூன்று விழுந்த இடம் மேடு, இரண்டு விழுந்த இடம் பள்ளம். பர்கண்டியர்கள் இந்த மாற்றலில் பிறந்தவர்கள்.

இங்கே சிலர் சிரிக்கிறீர்கள். விண்ணப்பப் படிவத்தில் ஐந்தடி ஆறு அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கி எழுதாதவர்கள் மட்டும் சிரிக்கலாம். படையில் சேரும் இளைஞர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் நேரவில்லை. ஆனால் ஒரு மாவட்டத்து மக்கள் இரண்டு ரத்தம் என்று படித்தவர்கள் நம்புவதற்கு ஒரு தப்பான கட்டம் போதுமானதாக இருந்தது. அதைப் பலர் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே நம்ப விரும்பியதைத்தான் படம் சொன்னது.

சரி, உயரத்தில் உண்மையாகவே இரண்டு கூட்டம் இருக்கிறதே, ஆண், பெண்? இந்த அரங்கில் எல்லோரையும் உயரப்படி வரிசையில் நிறுத்தினால் இரண்டு முகடு வருமா? வரும் என்றுதான் பல பாடநூல்கள் எழுதின. மாணவர்களை மைதானத்தில் உயரவாரியாக நிறுத்தி மேலிருந்து படம் பிடித்துப் போட்டார்கள். 2002இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் மூவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சம எண்ணிக்கையும் சம அகலமும் உள்ள இரண்டு மணி வடிவப் பரவல்களைக் கலந்தால், அவற்றின் சராசரிகள் திட்ட விலக்கத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் விலகியிருந்தால்தான் நடுவே பள்ளம் விழும். திட்ட விலக்கம் என்றால் ஒவ்வொரு கூட்டமும் தன் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கிறது என்பதன் அளவு. அமெரிக்க ஆண், பெண் உயரங்கள் இந்த வரம்பை எட்டவில்லை. கிடைப்பது தட்டையான ஒரு தலை. மைதானப் படங்களில் தெரிந்த பள்ளங்கள், ஆட்கள் குறைவாக இருந்ததால் வந்த தற்செயல்.

அதாவது, இரண்டு கூட்டம் இருந்தும் பள்ளம் இல்லாமல் போகலாம். பள்ளம் இல்லாத இடத்தில் இரண்டைக் கண்டுபிடிப்பது எப்படி? 1890களின் தொடக்கத்தில் வால்டர் வெல்டன் நேப்பிள்ஸ் கடற்கரையின் நண்டுகள் 1,000 எடுத்து, பல உறுப்புகளை அளந்தார். நெற்றி அகலம் மட்டும் மணி வடிவத்துக்கு அடங்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எண்கள் கார்ல் பியர்சனிடம் போயின. இது இரண்டு கூட்டங்களின் கலவையாக இருந்தால் ஒவ்வொன்றின் சராசரியும் பரப்பும் எண்ணிக்கையும் என்ன என்று பியர்சன் 1894இல் பிரித்துக் காட்டினார். அதற்கு ஒன்பதாம் படிச் சமன்பாடு ஒன்றைக் கையால் தீர்க்க வேண்டியிருந்தது. கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு அந்த உழைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1948இல் நம் சி. ஆர். ராவ் இதே சிக்கலுக்கு இன்னும் உறுதியான ஒரு வழியைக் கொடுத்தார். இன்று கணினி ஒரு நொடியில் பிரித்துத் தருகிறது. இரண்டாகப் பிரி என்றால் இரண்டு, ஐந்தாகப் பிரி என்றால் ஐந்து, அது மறுப்பே சொல்லாது. கலவைதானா என்ற கேள்விக்கு நண்டைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாகச் சென்னைக்கு வருகிறேன்.

1952இல் ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்து புழக்கத்துக்கு வந்தது. மலிவு, வீரியம், விழுங்கக்கூடிய மாத்திரை. கொஞ்ச நாளில் ஒரு வினோதம் தெரிந்தது. ஒரே அளவு மருந்து தின்றவர்களின் ரத்தத்தில் சில மணி நேரம் கழித்து இருக்கும் மருந்தின் அளவு, ஆளுக்கு ஆள் பெரிதும் மாறியது. 1960இல் பிரைஸ் எவன்ஸ் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் குடும்பம் குடும்பமாக ஆட்களுக்கு மருந்து கொடுத்து, ஆறு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளந்தார்கள். இரண்டு முகடுகள், நடுவே தெளிவான பள்ளம். கல்லீரலில் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி சிலரிடம் வேகமாக வேலை செய்கிறது, சிலரிடம் மந்தமாக. பெற்றோர் இருவரும் மந்தம் என்றால் பிள்ளைகளும் மந்தம். மரபுவழி வருவது என்பதை அந்தக் குடும்பக் கணக்கே காட்டிக்கொடுத்தது.

இதே காலத்தில் சேத்துப்பட்டில் ஒரு மையம் இயங்கிக்கொண்டிருந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்தாலும், நெருக்கடியான வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே என்று 1959இல் நிறுவி, உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றிய இடம்.

இங்கே வந்த தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மந்த வகை. ஜப்பானியரில் மந்த வகை பத்தில் ஒருவர்தான், ஐரோப்பியரில் ஏறத்தாழ பாதி. மந்த வகையினரின் உடலில் மருந்து அதிக நேரம் தங்கும். கிருமிக்கு அது கெடுதல், நரம்புக்கும் கெடுதல். அதிக அளவு ஐசோனியாசிட் கொடுத்தபோது கை கால் எரிச்சலும் மரத்துப்போதலும் பெரும்பாலும் இவர்களுக்கே வந்தன. சிறு அளவு பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்தால் அதைத் தடுக்கலாம் என்று காட்டியதும் இந்த மையம்தான்.

பிறகு இன்னொரு கேள்வி எழுந்தது. தினமும் மாத்திரை விழுங்கினாரா இல்லையா என்று யார் போய்ப் பார்ப்பது? வாரத்தில் சில நாள் மட்டும் மையத்துக்கு வரச்சொல்லி, கண்முன்னே மருந்து கொடுத்தால் என்ன? ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு வாரம் இரண்டு முறை கொடுத்துப் பார்த்தார்கள், நல்ல பலன். வாரம் ஒரு முறை கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேதான் இரண்டு முகடும் தலை காட்டின. மந்த வகையினர் தேறினார்கள், வேக வகையினரிடம் பலன் குறைந்தது. மருந்து சீக்கிரம் தீர்ந்துபோகிற உடம்புக்கு ஏழு நாள் இடைவெளி தாங்கவில்லை. வேக வகையினருக்காகவே மெல்லக் கரையும் மாத்திரைகளைச் செய்து பார்க்கிற முயற்சிகளும் நடந்தன.

தினமும் கொடுக்கிற முறையில் இந்த வேறுபாடு குணமாவதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ரத்தத்தில் இரண்டு முகடு, குணமாவதில் ஒன்று. அது மட்டுமல்ல, அளக்கும் முறை கூர்மையானபோது ரத்தத்திலும் இரண்டு போதவில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வேகமும் மற்றவரிடமிருந்து மந்தமும் பெற்ற இடைநிலைக்காரர்கள் வேக முகட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள். உண்மையில் மூன்று கூட்டம்.

இப்போது இந்த மருந்தை எடைக்கேற்பத்தான் கொடுக்கிறார்கள். நீங்கள் எந்தக் கூட்டம் என்று வழக்கமாக யாரும் சோதிப்பதில்லை. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், சத்துக் குறைந்தவர்கள் போல நரம்புப் பாதிப்புக்கு இடமுள்ளவர்களுக்கு மந்தமா வேகமா என்று பார்க்காமலே பி6 மாத்திரை சேர்த்துத் தரப்படுகிறது. ரத்தம் எடுத்துக் கூட்டம் பிரிப்பதைவிட அந்த மாத்திரை மலிவு.

மழை விட்டிருக்கிறது போலிருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.